என்சலடஸில் ஒரு கிண்ணம் தயிர்

நாள் 212 – 07:10
காற்றழுத்தம் சரி. மின்சாரம் சரி. தமயந்தி சரி, இடுப்பு நீங்கலாக. சனிக்கோளின் இந்தப் பனி நிலவில் நான் ஒருத்திதான். போன வாரம் பனிக்கு அடியிலிருந்து எடுத்த நீரில் நுண்ணுயிர் கண்டேன். பூமி கொண்டாடுகிறது. தூத்துக்குடியிலிருந்து அக்கா அனுப்பிய குரல் செய்தி: "ஏட்டி, தெருமுனையில உன் படத்தைப் பெருசா வச்சிருக்காவ. கழுத்துதான் வெறுமையா இருக்கு." திரும்பத் திரும்பப் போட்டுக் கேட்டேன். ஐம்பத்திரண்டு வயதுவரை கைதட்டலைத் தின்றே வளர்ந்த உடம்பு.

நாள் 214 – 16:40
ஒன்று உறுத்துகிறது. மறுசோதனை செய்யும்படி யாரும் சொல்லவில்லை. ஒரு திருகாணி கேட்டாலே மூன்று விளக்கம் கேட்கிற ஆட்கள், இவ்வளவு பெரிய விஷயத்தைச் சும்மா நம்பிவிட்டார்களா? கட்டுப்பாட்டு அறைத் தலைவர் சேதுநாராயணன் பாராட்டு மட்டுமே அனுப்புகிறார். அதிலும் சர்க்கரை கொஞ்சம் தூக்கல்.

நாள் 215 – 11:05
நானே சோதித்தேன்.
சமையலறைக் குளிரில் தயிர் உறையாது. அதனால், ஒளித்துக் கொண்டுவந்த உறைமோரைப் பாலில் விட்டு, நீர் மாதிரிகளை வெதுவெதுப்பாக வைக்கும் பெட்டியில் ஓர் ஓரமாக வைப்பது என் வழக்கம். நீரில் கண்ட உயிர், தயிரில் உள்ள உயிர், இரண்டின் மரபணுவும் ஒன்றே. உலகம் கொண்டாடும் அந்நிய உயிர், எங்கள் வீட்டுத் தயிர்.
சிரித்தேன். பிறகு சிரிப்பு நின்றது. அந்த உயிரை வளர்த்தே சாப்பிடலாம் என்று நம்பி, நாளை மறுநாள் பூமியிலிருந்து ஆறு பேர் இங்கே கிளம்புகிறார்கள். திரும்பிப் போக எரிபொருள் கிடையாது.
சிறிது நேரம் மேதையாகவே உட்கார்ந்திருந்தேன். சுகமாகத்தான் இருந்தது. பிறகு உண்மையை எழுதி அனுப்பினேன்.

நாள் 215 – 15:20
சேதுநாராயணன்: "மேடம், காலையில நீங்க அனுப்பினது எங்களுக்கு வந்து சேரலை. பரவாயில்லை. ரொம்பக் களைச்சுப் போயிருக்கீங்க, ரெஸ்ட் எடுங்க. அந்தக் கிண்ணத்தை மட்டும் கழுவி வெச்சிடுங்க."
வந்து சேரவில்லையாம். கிண்ணம் மட்டும் தனியாக நடந்து போய்ச் சேர்ந்ததா?
கைதட்டலுக்கு அலைவது நான் மட்டுமில்லை.

நாள் 216 – 08:30
பெரிய ஆண்டெனா என் பேச்சைக் கேட்கவில்லை. அங்கிருந்தே பூட்டிவிட்டார்கள். எல்லா நாடுகளும் கேட்கும் அபாய அலைவரிசை ஒன்றுதான் மிச்சம். சூடேற்றியை அணைத்தால்தான் அதற்கு மின்சாரம் போதும்.
அணைத்தேன்.
"தப்பு என்னுடையது" என்று சொல்லும் இடத்தில் குரல் கீச்சிட்டது. மறுபடி பதிவு செய்யவில்லை. என் குரல் அப்படித்தான். அந்தப் பதிவு ஓயாமல் திரும்பத் திரும்பப் போய்க்கொண்டிருக்கிறது.

நாள் 217 – கடிகாரம் உறைந்துவிட்டது
இன்றுதான் அவர்கள் கிளம்பும் நாள். யாராவது கேட்டார்களா, தெரியவில்லை. பதில் இல்லை. தெருமுனைப் படத்தை இறக்கியிருப்பார்கள். வெட்கமாக இருக்கும் என்று நினைத்தேன். இல்லை. விரல்தான் மடங்கவில்லை
சூடேற்றியைப் போடலாம். போட்டால் குரல் நிற்கும். போடவில்லை
கண்டெடுப்பவருக்கு. பனிக்குள் உயிர் இல்லை. மேலே ஒன்று இருக்கிறது. பெயர் தமயந்தி. இன்னும்