உள்ளங்காலில் ரோமம் இல்லாத பூனை

அன்புள்ள தாரிணிக்கு,

உன் அப்பாவைக் கட்டிக்கொண்டு வந்த இந்த மூன்று வருடத்தில் உனக்கு நான் எழுதியதே இல்லை, இப்போது எழுதுவதற்கு மன்னித்துக்கொள். ஜெய்சால்மர் வெயிலில் நீ உடம்புக்கு ஒன்றும் இல்லாமல் இருக்கிறாய் என்று நம்புகிறேன். போனில் எனக்குப் பேச்சு வராது, அதனால் தாளில் எழுதிப் படம் பிடித்து வாட்ஸ்அப்பில் அனுப்புகிறேன். பாலைவனப் பூனையைப் பற்றி நீ எழுதிய கட்டுரையைப் படித்தேன். சுடுமணல் பொசுக்காமல் இருக்க உள்ளங்காலில் ரோமம், பகலில் படுக்க நரி விட்டுப்போன வளை, தண்ணீர் கிடைக்காவிட்டாலும் கொன்ற எலியின் ரத்தத்திலேயே தாகம் தீர்ந்துவிடும் என்பதெல்லாம் புதிதாக இருந்தது. எங்கள் வீட்டில் முதலில் காலேஜ் போனவள் நான், எனக்கு யாரும் இவ்வளவு புரியும்படி சொல்லித் தந்ததில்லை.

முந்தாநாள் இங்கே நம் லோத்குண்டா வீட்டில், பின்னால் இருக்கும் மிலிட்டரி சுவரைத் தாண்டி ஒரு காட்டுப்பூனை நம் மாடிப் புறாக்கூண்டுக்குள் புகுந்துவிட்டது. நான் துணி எடுக்கப் போனபோது நான்கு புறாக்களின் கழுத்தைக் கடித்துப் போட்டிருந்தது, கூண்டெல்லாம் ரத்தமும் இறகும். உன் அப்பா இரும்புக் கம்பியோடு ஓடி வந்தார். பக்கத்து மாடி ஜெஸ்ஸி, நக்கோ, வேணாம் அங்கிள், வழிய விடுங்க, அது பாட்டுக்குப் போயிரும் என்று கத்தினாள். அவர் கூண்டு வாசலை மறித்துக்கொண்டு அடித்தார். முதல் அடியிலேயே அதன் இடுப்பு ஒடிந்தது, ஊர்ந்து வந்து அவர் கையைக் கவ்வியது, பல் எலும்புவரை இறங்கியும் விடவில்லை, பூனையின் தலையைச் சுவரில் மோதி மோதித்தான் கையை விடுவித்தார். செத்த பிறகு அதன் காலைத் திருப்பிப் பார்த்தேன். உள்ளங்காலில் ரோமம் இல்லை, உன் பூனைகளின் இனம் இல்லை. ஆனாலும் மனம் ஆறவில்லை.

தாரிணிக்குத் தெரிஞ்சா என் மூஞ்சியிலயே முழிக்க மாட்டா, தகரம் கிழிச்சிருச்சின்னு சொல்லு என்றார். டாக்டரிடமும் தகரம் என்றே சொன்னார், நான் வாயெடுத்ததும் மேசைக்கடியில் என் காலை மிதித்தார். டாக்டர் இரும்பு கிழித்தால் போடும் டி.டி. ஊசி மட்டும் போட்டு அனுப்பிவிட்டார். வெறிநாய்க்கடி ஊசி பூனை கடித்தாலும் போடவேண்டும் என்று நானும் சொல்லிப் பார்த்துவிட்டேன், படிச்ச திமிர என்கிட்ட காட்டாத என்கிறார்.

உன்னை ஆசீர்வதிக்க எனக்கு வயது போதாது, ஆனாலும் எந்தக் கெடுதலும் உன்னை அண்டாமல் இருக்கட்டும். வெளியே போகும்போது தலைக்குத் துணி கட்டிக்கொள். தாரிணி, உனக்குக் கோபம் வரும், வரவேண்டியதுதான், அதைக் கொஞ்சம் தள்ளி வை. இதைப் படித்ததும் அவரைக் கூப்பிட்டு, எனக்கு எல்லாம் தெரியும், போய் ஊசி போட்டுக்கொள் என்று சொல். நீ சொன்னால் போவார்.

சுபாஸ்ரீ