நொச்சிப்புலத்திலிருந்து படை திரும்பிய காரணம்

நலம் பெருகுக. மழை பருவம் தவறாது பெய்க. மூன்று புறமும் கடல் காவல் நிற்க, துறைமுக விளக்குகள் அணையாது எரிய, செங்கழிநாடு முழுதும் ஒரு குடைக்கீழ் ஆளும் மாமன்னர், களிற்றுப்படை உடையார், எளியோர்க்கு அரணாய் நிற்கும் பெருமான், கோவேள் கடலரையர் திருவடிகளுக்கு, நொச்சிப்புலத்து அரசவையில் பதினோரு ஆண்டுகளாக மாமன்னரின் தூதனாய் இருக்கும் சாத்தன் வெண்காடன் தலை தாழ்த்தி விடுக்கும் ஓலை.

மாமன்னரும் பட்டத்தரசியாரும் இளவரசரும் நோயின்றி வாழத் தூதன் வேண்டுகிறான். ஒவ்வோர் ஓலையிலும் எழுதும் வரிதான் இது. பல முறை கை பழக்கத்தில் எழுதியதுண்டு. இம்முறை மனமாரவே எழுதுகிறான்.

நம் படை இங்கே தொடர்ந்து தங்க, பங்குனி முழுநிலவுக்குள் நொச்சிப்புலத்து அரசியார் எழினியாரிடம் புதிய அழைப்போலை பெற்று அனுப்புமாறு கட்டளை வந்தது. அரசியார் தரவில்லை, தூதனும் அனுப்பவில்லை, படை ஊர் திரும்பிக்கொண்டிருக்கிறது. செய்தி இவ்வளவுதான். ஆனால் இவ்வளவோடு நிறுத்தினால் அவையில் ஆளுக்கொரு காரணம் கற்பிப்பார்கள். ஆகவே நடந்ததை நடந்தபடி எழுதுகிறான். அறுபத்திரண்டு வயதில் எழுத்தாணி பிடித்தால் விரல் நோகிறது. ஓலையின் நீளத்தைப் பொறுத்தருள வேண்டும்.

நொச்சிப்புலமும் ஆற்றுக்கு அக்கரையில் உள்ள இலுப்பைநாடும் மாமன்னரின் நிலப்படத்தில் ஒரு விரலால் மறைத்துவிடக்கூடிய நாடுகள். அறுவடை முடிந்ததும் இக்கரை இளைஞர்கள் ஆற்றைக் கடந்து அக்கரை மாட்டுமந்தையை ஓட்டி வருவார்கள். மறு ஆண்டு அவர்கள் வந்து ஓட்டிப் போவார்கள். இதற்கு நிரைகோள் என்று பெயர். கம்பும் கவணும் உண்டு. வேலும் வில்லும் கூடாது. இரண்டு மண்டை உடையும், சிலருக்குக் கை முறியும். ஏழாம் நாள், ஓட்டி வந்தவர்களே மாடுகளின் கழுத்தில் புது மணி கட்டி மந்தையைத் திருப்பி ஓட்டிச் செல்வார்கள். பறிகொடுத்தவர்கள் மணியை எண்ணி ஏற்றுக்கொண்டு விருந்து வைப்பார்கள். அந்த விருந்தில் ஆண்டுக்கு இரண்டு திருமணமாவது பேசி முடியும். மணி கட்டிய மந்தை திரும்பினால்தான் சண்டை தீர்ந்ததாகக் கணக்கு. வேறு எந்த உடன்படிக்கையையும் இந்த இரு நாட்டாரும் அறியார்.

நான்கு ஆண்டுகளுக்கு முன் இக்கரையார் மந்தை ஓட்டிய நிரைகோளின்போது இலுப்பைநாட்டு மன்னர் பெருங்கீரனின் தம்பி மகன் பாறையிலிருந்து வழுக்கி விழுந்து இறந்தான். யாரும் தள்ளவில்லை. ஆயினும் ஆத்திரம் கண்ணை மறைத்தது. அவர்கள் வந்து இக்கரையில் ஒரு சிற்றூரைக் கொளுத்தினார்கள். இவர்கள் போய் அக்கரையில் ஒன்றைக் கொளுத்தினார்கள். இரு தரப்பிலும் சேர்த்து ஒன்பது பேர் மாண்டனர். அதற்குள் இரண்டு ஊர்ப் பெரியவர்களும் ஆற்றின் நடுத்திட்டில் கூடிப் பேசத் தொடங்கிவிட்டார்கள். மந்தை எந்த நாளில் திரும்புவது என்பது ஒன்றுதான் பாக்கி.

இங்கேதான் தூதன் தவறினான். அந்த ஆண்டு அவன் அனுப்பிய ஆறு ஓலைகள் அவையில் படிக்கப்படாமலே பெட்டியில் கிடந்தன. மழை, விளைச்சல், திருமணம் என்று எழுதினால் யார் படிப்பார்கள்? ஏழாவது ஓலையில், ஆற்றங்கரையில் போர் மூண்டது, எளிய நாடு எரிகிறது என்று எழுதினான். அதில் பொய் ஒன்றும் இல்லை. நடுத்திட்டில் நடக்கும் பேச்சை மட்டும் விட்டுவிட்டான். தன் ஓலையும் ஒருமுறை அவையில் ஒலிக்கட்டும் என்ற சிறுமதி. அந்த ஓலை அன்றே படிக்கப்பட்டது. தூதனுக்குப் பட்டாடையும் பல்லக்கும் வந்தன. அந்தப் பட்டாடையை அவன் இன்றுவரை உடுத்தவில்லை என்றாலும், வாங்கி வைத்துக்கொண்டது உண்மை.

சான்று கூறத் தூதன் தலைநகருக்கு அழைக்கப்பட்டான். அவை கூடிய அந்த நாள் மாமன்னருக்கு நினைவிருக்கலாம். அரை நாள் முழுவதும் அறம் பேசினார்கள். எளியோரைக் காப்பது வலியோர் கடன் என்று தலைமையமைச்சர் விழுப்பரையர் அழகாக எடுத்துரைத்தார். வணிகர் தலைவர் தேக்குக் காடுகளைப் பற்றி மெல்ல நினைவூட்டினார். பதினாறு ஆண்டுகளாகப் போர் காணாத படைவீரர்கள் பாசறையில் தாயம் உருட்டித் தங்களுக்குள்ளேயே குத்திக்கொள்கிறார்கள் என்று ஒருவர் வருந்தினார். இளவரசருக்கு வெற்றிமாலை ஒன்று வேண்டாமா என்று இன்னொருவர் கேட்டார். இத்தனைக்கும் அவை சாய்ந்துதான் அமர்ந்திருந்தது. அப்போது ஒற்றன் ஒருவன் வந்து, மேற்கே உள்ள மேல்குன்றநாட்டுப் பேரரசரின் படை நொச்சிப்புலத்துக்குச் செல்லும் கணவாய்ப் பக்கம் தென்பட்டதாகச் சொன்னான். உடனே அவையில் எல்லோர் முதுகும் நிமிர்ந்தது. மறுகேள்வி இல்லாமல் படை புறப்பட ஆணை பிறந்தது.

நாம் போகாவிட்டால் அவன் போய்விடுவான் என்பதுதான் காரணம். மற்றவையெல்லாம் அந்தக் காரணத்துக்கு உடுத்திய துணி. தூதனுக்கு அன்றே இது விளங்கிவிட்டது. விளங்கியும் வாயை மூடிக்கொண்டு பல்லக்கில் ஏறினான்.

அயல்நாட்டு மண்ணில் அந்நாட்டு அரசரின் முத்திரையிட்ட அழைப்பு இல்லாமல் செங்கழிநாட்டுப் படை கால் வைக்கலாகாது, நான்கு ஆண்டுக்கு ஒருமுறை அந்த அழைப்பைப் புதுப்பிக்க வேண்டும் என்பது மாமன்னரின் பாட்டனார் இட்ட சட்டம். எனவே அழைப்போலை நம் தலைநகர் ஓலைக்கூடத்திலேயே எழுதப்பட்டது. உருக்கமான நடை, தூதனே சொல்லச் சொல்ல எழுதியது. எழினியார் அதை இருமுறை படித்துவிட்டு, இத்தனை அழகாக அழுகிற இந்த அம்மையார் யார் என்று கேட்டார். பின்பு நம் யானைகள் எல்லையில் நிற்பதை மாடத்திலிருந்து பார்த்தார். முத்திரையிட்டார்.

இருபது நாட்களில் மேல்குன்றப் படை இலுப்பைநாட்டுக்குள் வந்தது. அங்கும் ஓர் அழைப்போலை இருந்தது.

அதன் பிறகு நடந்ததைச் சேனைத்தலைவர் காரி மல்லனாரின் ஓலைகள் வெற்றி வெற்றி என்று சொல்லியிருக்கும். தூதன் கண்டது வேறு. ஒன்பது பேர் மாண்ட சண்டையில் இந்நான்கு ஆண்டுகளில் ஆறாயிரம் பேர் மாண்டனர். நம் படைக்குச் சோறு வேண்டும். அவர்கள் படைக்கும் வேண்டும். எந்த மந்தைக்காகச் சண்டை தொடங்கியதோ அந்த மந்தையை, காக்க வந்த இரண்டு படைகளும் அடித்துத் தின்று தீர்த்தன. உழவுக்கு எருது இல்லை. சென்ற ஆண்டு இக்கரையில் பெண்கள் நுகத்தடியைத் தோளில் வைத்து ஏர் இழுத்ததைத் தூதன் பார்த்தான். பார்த்துக்கொண்டு நின்றான் என்று எழுதக் கூச்சமாக இருக்கிறது.

சென்ற மார்கழியில், பிணம் எடுக்க இரு படைகளும் போரை நிறுத்திய நாளன்று ஆற்றின் நடுத்திட்டில் மேல்குன்றத்துத் தூதர் பொருவன் கண்டத்தாரைத் தூதன் சந்தித்தான். அவரும் நரைத்தவர், அவருக்கும் மூட்டுவலி. இருவரும் ஒரே தட்டில் வெற்றிலை போட்டுக்கொண்டார்கள். உங்கள் பேரரசர் ஏன் வந்தார் என்று தூதன் கேட்டான். நீங்கள் வரப்போவதாக ஒற்றன் சொன்னான், அதனால் வந்தோம் என்றார் அவர். கணவாய்ப் பக்கம் முன்னதாகத் தென்பட்ட படை எது என்று கேட்டதற்கு, அது படை அல்ல, தம் அரசியாரின் தம்பி வேட்டைக்கு வந்த கூட்டம் என்றார். தூதனுக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. பொருவனார் தம் மேலாடையை விரித்துத் தூதனின் முகம் படையினர் கண்ணில் படாதபடி மறைத்துக்கொண்டார். பகைநாட்டார் செய்த அந்த உதவியை மறைக்காமல் தெரிவிக்கிறான்.

நீங்கள் போனால் நாங்கள் நிற்க ஒரு சாக்கும் இல்லை என்று பொருவனார் அன்று சொன்னார். நாங்கள் போவதை யார் தொடங்குவது என்று தூதன் கேட்டான்.

தொடங்கியவர் எழினியார். மாசி மாதம் அவர் அடுக்களைகளிலும் எரிந்த தொழுவங்களிலும் பாசறைக் குப்பைமேட்டிலும் தேடச் செய்து, அறுபட்ட மாடுகளின் மணிகளைத் திரட்டினார். நசுங்கியவற்றைக் கன்னார் தட்டி நிமிர்த்தினார்கள். பதினெட்டுக் கூடைகள் நிறைந்தன. மாடு இல்லாமல் மணியை மட்டும் அனுப்பினால் அவமதிப்பு என்று எண்ணிவிடுவார்களோ என்று அமைச்சர்கள் அஞ்சினார்கள். அரசியார் தாமே ஒரு கூடையைத் தலையில் சுமந்து நடுத்திட்டுக்குப் போனார். அக்கரையிலிருந்து பெருங்கீரன் இடுப்பளவு நீரில் நடந்து வந்தார். மன்னர் மணலில் அமர்ந்து மணிகளை ஒவ்வொன்றாக எண்ணினார். எண்ணி முடிக்கப் பொழுது சாய்ந்தது. மந்தை வந்து சேர்ந்தது என்று அவர் உரக்கச் சொன்னதும் இரு கரையிலும் நின்ற மக்கள் வாய்விட்டு அழுதார்கள். அவர்களின் சண்டை அன்றோடு தீர்ந்தது. இரு நாடுகளிலும் போர்புரிய இனி இரண்டு அயல்படைகள் மட்டுமே மிச்சம்.

இதைத் தூதன் மறுநாளே எழுதி அனுப்பினான். அந்த ஓலைக்குப் பதிலாக வந்தது ஒரு சிறு மரப்பெட்டி. உள்ளே நொச்சிப்புலத்து அரச முத்திரையைப் போலவே செய்த இன்னொரு முத்திரை. அரசியார் அழைப்பை மறுத்தால் இதை இட்டு அனுப்புக என்பது விழுப்பரையரின் கட்டளை. வேலைப்பாட்டைக் குறை சொல்ல முடியாது. தேய்ந்து போன உண்மை முத்திரையைவிட இது அழகாகவே இருந்தது. இக்கட்டளையை மாமன்னர் அறிவாரா என்று தூதன் கேட்கமாட்டான். அறிவார் என்றாலும் அறியார் என்றாலும் அவனுக்கு வேதனைதான்.

முழுநிலவுக்கு மூன்று நாள் முன்பு அவன் அரசியாரிடம் அழைப்போலை கேட்டான். அவர் கோபப்படவில்லை. நிரைகோளில் அடிபட்ட ஒவ்வொருவன் பெயரும் எங்கள் ஊருக்குத் தெரியும் என்றார். இந்நான்கு ஆண்டில் செத்தவர்களைக் குழியில் சேர்த்து மூடினோம், இனி உங்கள் உதவியைத் தாங்க எங்களிடம் ஆள் இல்லை, ஐயா, எங்களை விட்டுவிடுங்கள் என்றார். பதினோரு ஆண்டுகளில் அவர் தூதனிடம் கெஞ்சியது அந்த ஒருமுறைதான்.

தூதன் மரப்பெட்டியைத் திறந்து அவர் முன் வைத்தான். அரண்மனை முற்றத்தில் நெல் குத்திக்கொண்டிருந்த பெண்ணிடம் உலக்கையைக் கேட்டு வாங்கி, உரலில் அந்த முத்திரையைப் போட்டு இடித்தான். கெட்டியான வெண்கலம், நாலாவது இடிக்குத்தான் பிளந்தது. அரச கட்டளையோடு வந்த பொருளை அழித்தவனுக்கு என்ன தண்டனை என்பது தூதனுக்குத் தெரியும். அந்தச் சட்டத்தைப் படியெடுத்தவனே அவன்தான்.

அழைப்பு புதுப்பிக்கப்படாவிட்டால் முழுநிலவின் மறுநாள் படை திரும்ப வேண்டும். அந்த ஆணையைச் சேனைத்தலைவர் அல்ல, தூதனே இட வேண்டும் என்கிறது பாட்டனார் சட்டம். திரும்பு என்று தாமாகச் சொல்லும் சேனைத்தலைவர் பிறக்கமாட்டார் என்று அந்தப் பாட்டனார் அறிந்திருந்தார் போலும். இதுவரை எந்தத் தூதனும் அந்த ஆணையை இட்டதில்லை. வெண்காடன் இட்டான். காரி மல்லனார் ஓலையைப் படித்தார். வேறு முத்திரை ஏதும் உண்டா என்று தணிந்த குரலில் கேட்டார். இல்லை என்றதும் ஓலையைக் கண்களில் ஒற்றிக்கொண்டார். அவர்மேல் குற்றம் இல்லை. சட்டப்படி வந்த ஆணைக்குப் பணிந்தார்.

இன்று மூன்றாம் நாள். நம் முன்னணி கணவாயைத் தாண்டிவிட்டது. அக்கரையில் மேல்குன்றத்தாரும் கூடாரங்களைப் பிரித்துத் தம் பொதியெருதுகளில் ஏற்றுவதைத் தூதன் கண்ணால் கண்டான். அவர்கள் வீடுவரை போவார்களா, பாதி வழியில் திரும்புவார்களா என்று அவன் சத்தியம் செய்யமாட்டான். பொருவனார் சொல்லை நம்புவதைத் தவிர வேறு வழி அவனுக்குத் தெரியவில்லை.

எழினியார் தூதனை இங்கேயே தங்கிவிடச் சொன்னார். ஆற்றோரம் ஒரு வீடும் சாகும்வரை சோறும் தருவதாகச் சொன்னார். பெருங்கீரனும் அக்கரையில் இடம் தருவதாக ஆள் அனுப்பினார். ஆசைப்படாத மனிதனா தூதன்? ஒரு முழு இரவு ஆசைப்பட்டான். விடிந்ததும் மறுத்துவிட்டான். அவன் இங்கே இருந்தால், துரோகியைப் பிடிக்க என்று ஒரு படை வரும். அல்லது சிறைப்பட்ட நம் தூதனை மீட்க என்று வரும். எந்தச் சொல்லை எழுதினால் அவை நிமிர்ந்து உட்காரும் என்று அவனைவிட நன்றாக அறிந்தவர் யார்? உழுவதற்கு எருது இல்லாத இந்த நாட்டில் தன் உடம்பை ஒரு காரணமாக விட்டுவைக்க அவன் விரும்பவில்லை.

ஆகவே, கணவாய்க் காவலர்க்கும், வழியிலுள்ள சுங்கத்தார்க்கும், தலைநகர் வாயிற்காப்போர்க்கும் தூதன் தன் பதவியின் பேரால் இடும் இறுதி ஆணையாவது: படையின் கடைசி வீரனுக்குப் பின்னால் காவலின்றித் தனியே நடந்து வரும் முதியவனைத் தடுக்க வேண்டா. அவன் ஓடமாட்டான். நேரே கொலைக்களத்து வாயிலுக்கு வழிவிடுக.

சாத்தன் வெண்காடன் தன் மோதிரம் பதித்து மூடியது. பங்குனி, முழுநிலவின் மூன்றாம் நாள். ஓலையும் ஆளும் ஒன்றாகவே வந்து சேரும்.