ப்ளேன் தாத்தாவும் ஹடப்சர் தாத்தாவும்

ஹடப்சர், புனே
வியாழக்கிழமை மதியம்

அன்பு மகள் பானுவுக்கு அப்பா எழுதிக்கொள்வது. இங்கே அம்மாவின் முட்டிவலியைத் தவிர குறை ஒன்றுமில்லை, அங்கே குளிரைத் தவிர உங்கள் மூவருக்கும் குறை ஒன்றும் வரக் கூடாது என்று வேண்டிக்கொள்கிறேன். தினமும் போனில் பார்க்கிற அப்பா எதற்குக் கடிதம் எழுதுகிறார் என்று நினைப்பாய். போனில் பேசினால் நீ ஸ்பீக்கரைப் போட்டுவிடுவாய், பக்கத்தில் மாப்பிள்ளை சந்துரு இருப்பார், இது அவருடைய அப்பாவைப் பற்றிய விஷயம். மாப்பிள்ளைக்குத் தமிழ் பேச வரும், படிக்க வராது. நீயும் எழுத்துக் கூட்டித்தான் படிப்பாய், பரவாயில்லை, நிதானமாகப் படி. தாள்களுக்கு நம்பர் போட்டு போட்டோ எடுத்து அனுப்புகிறேன். அம்மா அபார்ட்மென்ட் சொசைட்டிப் பெண்களோடு காலையில் வாக்கிங் போகிறாள், நடப்பதைவிட நின்று பேசுவதுதான் அதிகம். ஸ்கூட்டரைக் கொடுத்துவிடச் சொன்னாய், இன்னும் கொடுக்கவில்லை, திட்டாதே.

வானவடிப் பக்கம் புதிதாக வரப்போகிற மியூசியத்துக்காக ஒரு பழைய மிக் போர் விமானத்தைச் சீர்செய்கிறோம் என்று சொல்லியிருந்தேன் அல்லவா. ஏழு மாதமாக வாரம் ஐந்து நாள் போகிறேன். பல வருடம் வெயிலிலும் மழையிலும் கிடந்த விமானம், மூக்கில் காற்று போகிற வாய்க்குள் புறா கூடு கட்டியிருந்தது, கையை விட்டு வாளி வாளியாக அள்ளியது நான். ஒன்றின் மேல் ஒன்றாக அடித்த பெயின்டைச் சுரண்டி, நசுங்கிய தகடுகளைத் தட்டி நிமிர்த்தி, இறக்கைமேல் இங்கே மிதிக்காதே என்று எழுதியிருக்குமே, அந்தச் சின்ன எழுத்துகளுக்குக்கூட அட்டையில் அச்சு வெட்டி எழுதியதும் நான்தான். உன் மாமனார் விங் கமாண்டர் பாலசுப்ரமணியன் செவ்வாயும் வெள்ளியும் வருவார். பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து டீ குடித்தபடி, வருகிறவர்களுக்கு அந்தக் காலத்தில் பறந்த கதை சொல்வார். நன்றாகத்தான் சொல்கிறார், நானே ஸ்பானரைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டிருக்கிறேன். மியூசியத்துக்குப் பொறுப்பாக இருக்கிற மராத்தி அதிகாரி அவரை சர் என்கிறார், என்னைச் சித்தப்பா மாதிரி காகா என்கிறார். எனக்கும் சம்பந்திக்கும் வயதில் எட்டு மாதம்தான் வித்தியாசம். பேப்பரில் படம் வந்தது, சம்பந்தி விமானத்தின்மேல் கை வைத்துக்கொண்டு ராஜா மாதிரி நிற்கிறார், நான் பின்னால் ஏணியில் முட்டிக்குக் கீழே மட்டும் வந்திருக்கிறேன். செருப்பைப் பார்த்துத்தான் அம்மா கண்டுபிடித்தாள்.

இதற்குப் பொறாமை என்றே பெயர் வைத்துவிடுகிறேன், உன்னிடம் என்ன மறைப்பு. நானும் அவரும் சர்வீஸில் வடக்கே ஒரே தளத்தில் இரண்டு வருடம் இருந்திருக்கிறோம். அவர் பைலட், நான் தகட்டு வேலை பார்க்கிற ஆள். விமானம் பறக்கத் தகுதியாக இருக்கிறது என்று நாங்கள் ஃபாரத்தில் கையெழுத்துப் போட்ட பிறகுதான் பைலட் ஏறுவார். அப்போது அவருக்கு என் பெயர்கூடத் தெரியாது, உன் கல்யாணப் பேச்சு வந்தபோதுதான் தெரிந்துகொண்டார். அதையெல்லாம் பொறுத்துக்கொண்டேன். கிருஷ்ணா விமானப் படம் வரைந்து அனுப்பினானே, உள்ளே மீசை வைத்த ஒரே ஒரு தாத்தா. அவர் ப்ளேன் தாத்தாவாம், நான் ஹடப்சர் தாத்தாவாம், பஸ் ஸ்டாப்பைச் சொல்கிற மாதிரி.

மூன்று வாரத்துக்கு முன்னால் ஒரு செவ்வாய்க்கிழமை சம்பந்தி என்னிடம், "டிசம்பர்ல கிருஷ்ணா வர்றான்ல, உள்ள என் மடியில உக்கார வச்சு ஒரு போட்டோ எடுத்துடணும், துரை நீங்க ஏணியைக் கெட்டியாப் புடிச்சுக்குங்க" என்றார். அவர் சாதாரணமாகத்தான் சொன்னார், எனக்குத்தான் வயிறு எரிந்தது. மறுநாள் அதிகாரி என்னைக் கூப்பிட்டு, பைலட் இருக்கைக்கு மேலே இருக்கிற கண்ணாடி மூடியைத் திறந்து மூடும்படி வைக்கலாமா, நீங்கள் சோதித்து எழுதிக் கொடுங்கள் என்றார். சோதித்தேன், கீல் நன்றாக இருந்தது. கீல் அரித்துவிட்டது, திறப்பது ஆபத்து, ரிவெட் ஆணி அடித்து மூடிவிட வேண்டும் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். அன்றைக்கே பக்கத்துக்கு ஆறு ரிவெட்டாக நானே அடித்தேன்.

வெள்ளிக்கிழமை சம்பந்தி வந்து கேள்விப்பட்டதும் முகம் சுண்டிப்போனது. அதிகாரி வேறு யாரையாவது கூப்பிட்டுக் காட்டலாமா சர் என்றார். அதற்கு அவர், "வேணாம், துரை கையெழுத்துப் போட்டாச்சுன்னா அதுக்கு மேல பார்க்க என்ன இருக்கு, இவங்க கையெழுத்தை நம்பித்தானே மேல போனேன்" என்றார். எனக்கு அப்போது சந்தோஷமாகத்தான் இருந்தது, பானு. வீட்டுக்கு வந்து நாலு சப்பாத்திக்கு ஆறு சாப்பிட்டேன். மறுநாள் நீ போனில், நிஜமாவே கீல் போயிடுச்சாப்பா என்று கேட்டாய், ஆமாம்மா என்றேன். ஆனால் அதற்கப்புறம் அவர் வருகிறவர் போகிறவரிடமெல்லாம் மூடி திறக்காது, எங்க சம்பந்தி செக் பண்ணிச் சொல்லிட்டார் என்று பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தார். இத்தனை வருடம் என்னை அவர் பெருமையாகப் பேச மாட்டாரா என்று காத்திருந்தேன், அவர் பேசியது இதற்காக. ஒவ்வொரு தடவையும் எனக்குச் செருப்பால் அடித்த மாதிரி இருந்தது.

இந்தத் திங்கட்கிழமை அதிகாரியிடம் உண்மையைச் சொல்லிவிட்டு ரிவெட்டுகளை டிரில் போட்டு எடுத்தேன். அவர் திட்டவில்லை, ஆனால் மற்ற வேலைகளையும் ஒரு தடவை வேறு ஆளை வைத்துச் சரிபார்த்துவிடலாம் காகா என்றார். நேற்று வானவடியில் அவர் வீட்டுக்கே போய் சம்பந்தியிடமும் சொன்னேன். உட்கார வைத்துக் காபி கொண்டுவரச் சொன்னார். நான் சொல்லி முடித்ததும், "என்மேல கோபம்னா எங்கிட்ட வந்து சண்டை போட்டிருக்கலாம் துரை, இப்போ சொல்லுங்க, அந்த ரெண்டு வருஷம் நான் ஏறின ப்ளேன்ல எத்தனை கையெழுத்து இந்த மாதிரி?" என்று கேட்டார். ஒன்றுகூட இல்லை என்றேன். அவர் எழுந்து உள்ளே போய்விட்டார். காபி வந்தது, குடிப்பதா வேண்டாமா என்று தெரியாமல் வைத்துவிட்டு வந்தேன். அந்தக் கோபம்கூட அவருக்குக் கம்பீரமாகத்தான் இருந்தது, போ.

ஞாயிற்றுக்கிழமை திறப்பு விழா. சம்பந்தி வரவில்லை என்று சொல்லிவிட்டாராம். நீ அவரைக் கூப்பிட்டுப் பேச வேண்டும். எனக்காக மன்னிப்புக் கேட்காதே, அதை நான் கேட்டுக்கொள்கிறேன். மூடி திறக்கிறது, அவருடைய இடம் அவருக்குத்தான் என்று சொல். இருபத்தெட்டு வருட சர்வீஸில் அப்பா ஒரு பொய்க் கையெழுத்தும் போட்டதில்லை என்று சொல். நான் சொன்னால் இனி அவரிடம் எடுபடாது. உன் பேச்சுக்கு மதிப்புக் கொடுப்பார், மகளே மகளே என்றுதானே உன்னைக் கூப்பிடுகிறார், அதுவும் எனக்குப் பிடிப்பதில்லை, போகட்டும்.

கிருஷ்ணாவுக்குக் காதை மூடுகிற தொப்பி போட்டு அனுப்பு. டிசம்பர் டிக்கெட்டை மாற்றிவிடாதே. மூன்று பேரும் நோய் நொடி அண்டாமல் நூறு வருடம் இருக்க வேண்டும், அம்மாவும் இதையே சொல்லச் சொன்னாள். ஒன்று மட்டும் ஞாபகம் வைத்துக்கொள். கீல் போய்விட்டது என்று நான் உன்னிடமும்தான் பொய் சொன்னேன். அதனால் இதை இன்னொரு தடவை படித்துப் பார், நீ நம்பினால் மட்டும் அவரைக் கூப்பிடு.

உன் அப்பா,
சின்னதுரை