பழுதாகாத பெட்டிகள்

என்ர அன்பான இஞ்சாருங்கோ,

உங்களை இப்பிடித்தானே கூப்பிட்டனான், கடிதத்திலயும் அப்பிடியே இருக்கட்டும். நீங்கள் கண்ணை மூடி ஒண்டரை வருசமாச்சு. பேசாலையில எங்கட மின்சாமான் திருத்துற கடையை நான் இன்னும் காலமை திறக்கிறன். வவுனியாவுக்கு வந்து இருங்கோ எண்டு மகள் ஒரே ஆக்கினை. போகேல்லை.

ஒரு புதினம் சொல்ல வேணும். காலநிலைக்கு நல்லதெண்டு அரசாங்கம் வரியைக் குறைக்க, சூரிய மின்சார இன்வேர்ட்டர் பெட்டிகள் கப்பலில வந்து கடற்கரை மீன் வாடிக் கொட்டிலெல்லாம் நிறைஞ்சதே, ஞாபகமிருக்கோ? எங்கட உப்புக்காத்துப் பட்டு ஒவ்வொண்டாச் செத்துப்போச்சுது. நீங்கள் ஒண்டைக் கழட்டி, பைபர் வள்ளத்துக்குப் பூசுற றெசினை உள்ளுக்கிருந்த சேர்க்கிட் தகடு முழுக்க அப்பினீங்கள். பழைய வள்ளக்காரன்ர மூளை! சூடு போக வழியில்லாமல் புகைஞ்சுது. ஐயோ, நான் சிரிச்ச சிரிப்பு! பிறகு சூடாகிற மூலையை மட்டும் விட்டுட்டு மெல்லிசாப் பூசினீங்கள், ஓடிச்சுது. கொம்பனியால வந்த வெளிநாட்டு இஞ்சினியர் அதைப் படமெடுத்துக்கொண்டு போனவர்.

போன கிழமை மீன் வாடி வைச்சிருக்கிற சூசை அண்ணை புதுசா இறக்கின பெட்டி ஒண்டைத் தூக்கிக்கொண்டு வந்தார். திறந்து பாத்தன். தகட்டில மெல்லிய பூச்சு, அந்த மூலை மட்டும் வெறுமையா.

"அண்ணை, இது என்ர மனுசன்ர வேலை," எண்டன்.

"விசர்க்கதை கதையாத தங்கச்சி, இது கப்பலில வந்த சாமான்."

உங்களைப் பாத்துத்தான் செய்தவங்களோ? இல்லாட்டி அவங்களுக்கு முந்தியே தெரியுமோ? ஆரிட்டக் கேக்கிறது? பெட்டியில பழுதுமில்லை, வெளிய ஒரு வயர் கழண்டிருந்தது, அவ்வளவுதான். அண்ணை தேத்தண்ணியும் குடிக்காமல் போயிட்டார்.

இப்ப எல்லாரிட்டையும் இந்தப் புதுப் பெட்டிதான், ஒருத்தருக்கும் பழுதாகிறதில்லை. ஊருக்கு நல்லதுதான், எனக்குத் தெரியாதே? ஆனா முந்தி நீங்கள் திருத்தி முடியும்வரைக்கும் சனம் இருந்து கதைக்கும். இப்ப பொழுதுபடும்வரைக்கும் நான் தனியக் கதிரையில இருக்கிறன். தாங்க ஏலாமல் இருக்கு.

ஒரு பாவமும் செய்துபோட்டன். ஆவணித் திருநாளுக்கு மடுக் கோயிலுக்குப் போய், ஒரு பெட்டியாவது பழுதாக வேணுமெண்டு மாதாவிட்ட மெழுகுதிரி கொளுத்திக் கேட்டனான். உங்கட வேலை தோக்க வேணுமெண்டு உங்கட மனுசியே கேட்டிருக்கிறாள். கோவிக்காதேங்கோ.

அடுத்தமுறை போய் மாத்திக் கேப்பன், சத்தியமா. பெட்டியெல்லாம் நல்லா ஓடட்டும். சும்மா இருந்து கதைக்க ஆராவது வரட்டும்.

உங்கட மனுசி,
திரேசா