வாடகை கேட்காத வீடு

ரோலா, ஷார்ஜா
மாசி, 1985

அன்பான உமக்கு,

நம் மகனுக்கு அயர்லாந்தில் படிக்க இடம் கிடைத்துவிட்டது. தங்குமிடம்தான் யோசனை. என் கடையில் சாமான் வாங்கும் அயர்லாந்து நர்ஸ், கல்லூரிக்குப் பக்கத்திலுள்ள தன் தாய் வீட்டில் அவன் சும்மா தங்கலாம் என்கிறாள். சும்மா வரும் சரக்கை நான் இரண்டு தரம் புரட்டிப் பார்ப்பவன்.

"வாடகை வேண்டாமெண்டால் வேற என்ன வேணும்? மதம் மாத்தவோ?" என்று நேரே கேட்டேன்.

சிரித்தாள். பிள்ளைகள் எல்லோரும் பிழைக்கக் கடல் கடந்துவிட்டார்களாம், தாய் தனியாம். பஞ்ச காலம் தொட்டு அங்கே ஒரு வழக்கமாம்: பிள்ளை கப்பலேறுவதற்கு முதல் நாள் இரவு ஊர் கூடி, போனது இனித் திரும்பாது என்று செத்தவீடு போல அழுது விழித்திருக்குமாம்.

பிள்ளையை அனுப்பும் நேரத்தில் இதென்ன அபசகுனப் பேச்சு என்று எனக்குக் கோபம். அவளில் இன்னும் முழு நம்பிக்கையில்லை.

ஆனால் போன கடிதத்தில் நீர் எழுதிய நம் ஊர்ச் செத்தவீடு இரண்டிலும் கிடத்தியிருந்தது ஆமி சுட்ட அவன் வயதுப் பிள்ளைகளை.

அவனை அந்த வீட்டுக்கே அனுப்பும். அதுவரை ஆமிக்காரன் நிற்கும் சந்திப் பக்கம் அவனை விடாதையும். அவன் புறப்படுவதற்கு முதல் நாள் இரவு ஆட்களைக் கூப்பிட்டு வேண்டியமட்டும் அழும். அழுது முடிய அவன் எழும்பி நடந்துபோய் வாசலில் நிற்கும் வான் வண்டியில் ஏறுவான்.

உம்முடைய சந்தேகக்காரன்