ஏரிக்கரையில் கடித்த பாக்கு

ஹனோய்
9.11.2025

கோபத்துக்கென்றே பிறந்த என் தம்பி கரியனுக்கு, உன் ஒரே அக்கா பழனியம்மாள் எழுதுவது.

நான் பத்திரமாக வந்து இறங்கிவிட்டேன். ஏரோப்ளேன் விழும் என்று நீ வெள்ளிமலை முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தாயாம். விழவில்லை. உன் ஆசையைக் கெடுத்ததற்கு மன்னித்துக்கொள்.

பிள்ளைகள் கல்யாணம் இழுத்துக்கொண்டே போகிற கோபத்தில், என்னோடு இனிமேல் பேசுவதில்லை என்று கோயில் வாசலில் கற்பூரத்தை அணைத்துச் சத்தியம் பண்ணினாய். எழுதுவதில்லை என்று பண்ணவில்லை. அஞ்சாவது வரைக்கும் பள்ளிக்கூடம் போனது இதுக்காவது ஆகட்டும் என்று எழுதுகிறேன். எழுதினதை நானே போனில் படம் பிடித்து உன் மகன் கலைவாணனுக்கு அனுப்புகிறேன். கவியாவிடம் கொடுத்தால் அம்மா எழுதினதை எல்லாம் படித்துவிடுவாள். நீயும் எழுதி அவனிடமே கொடு.

பிள்ளை உன்னை மாதிரி இல்லை. லோடு வண்டியில் என்னை முன்னால் உட்காரவைத்து, உளுந்தூர்பேட்டையில் புரோட்டா வாங்கிக் கொடுத்து, சென்னை ஏர்போர்ட் வாசல் வரைக்கும் கொண்டுவந்து விட்டான். வழியெல்லாம் மழையைப் பற்றியே பேசினான். நான் இறங்கும்போதுதான், "கவியாவ கேட்டேன்னு சொல்லுங்க அத்தை" என்றான்.

வந்த வேலையை நான் மறக்கவில்லை. கவியா வயசுக்கு வந்தபோது பச்சை ஓலை வெட்டிக் குச்சு கட்டினவன் தாய்மாமன் நீ. "இவ உன் வூட்டுக்குத்தான்டா" என்று ஊர் முன்னால் சொன்னவள் நான். அவள் அப்பா செத்த பிறகு என் காட்டையும் சேர்த்து உழுதவன் நீ. படிப்பு முடியட்டும், வேலை கிடைக்கட்டும் என்று அவள் தள்ளித் தள்ளிப் போட்டது போதும். தை மாசம் கல்யாணம். தேதியை அவள் வாயால் வாங்காமல் நான் இந்த ஊரைவிட்டு நகரமாட்டேன்.

நாளைக்கு எங்கேயோ ஏரிக்கும் மலைக்கும் கூட்டிப்போகிறாளாம். "ட்ரெக்கிங்மா. காட்டுல நடந்தே மலை ஏறணும். அதுக்குன்னு வெளிநாட்டுல இருந்துலாம் காசு குடுத்து வராங்க" என்றாள்.

"நான் தெனம் விறகு செமந்துகினு ஏறினனே, எவன்டி எனக்குக் காசு குடுத்தான்?" என்று கேட்டேன். சிரித்தாள். அப்பன் சிரிப்பு அப்படியே.

நீ திட்டினாலும் உன்னை விடாத,
பழனியம்மாள்

*

வெள்ளிமலை
10.11.2025

அக்காவுக்குக் கரியன் எழுதுவது.

மழை விட்டுவிட்டுப் பெய்கிறது. சாமை அறுத்தாகிவிட்டது, உன் காட்டிலும்தான். உன் வெள்ளாடு சௌக்கியம். என் மரவள்ளியைத் தின்று சௌக்கியம்.

புது வீட்டுப் பூச்சு வேலை முடிந்தது. கலைவாணன் நீலக் கலர் அடிக்கிறான். மலையில் எவனும் இப்படி ஒரு நீலம் அடித்ததில்லை. "ஏன்டா?" என்றால், கவியாவுக்குப் பிடிக்குமாம். அவள் எப்போதோ சொன்னாளாம்.

நீ ஏரி பார்க்கப் போகவில்லை. தேதி வாங்கப் போனாய். அதை மட்டும் எழுது.

கரியன்

*

ஏரிக்கரை
12.11.2025

அன்பைக் கோபத்தில் சுருட்டி வைத்திருக்கும் தம்பிக்கு,

உன் கடிதத்தைப் படித்தேன். உன் முகத்தைப் பார்த்த மாதிரியே இருந்தது. ஊறுகாயைக் கடித்தவன் முகம்.

கோமுகி அணையைப் பார்த்து இதுதான் கடலா என்று கேட்டவள் நான். இந்த ஏரியைப் பார்த்ததும் வாய் அடைத்துவிட்டது. எனக்கே வாய் அடைத்தது என்றால் நீ கணக்குப் போட்டுக்கொள். சுற்றிலும் பாறை மலை, செங்குத்தாகத் தண்ணீருக்குள்ளே இறங்குகிறது. தண்ணீர் வாழைக்குருத்து நிறம். காலையில் பனி இறங்கினால் படகில் முன்னால் உட்கார்ந்தவள் பின்னால் உட்கார்ந்தவளுக்குத் தெரிவதில்லை.

வீடுகள் மரக்கால் மேல் நிற்கின்றன. மேலே மனிதர்கள், கீழே எருமை. எருமை மூச்சு விடுவது பாய்க்கு அடியில் கேட்கிறது. மக்காச்சோளத்தைக் கொத்துக் கொத்தாகக் கட்டித் தொங்கவிட்டிருக்கிறார்கள். மலைச்சரிவை வெட்டி நெல் போட்டு அறுத்திருக்கிறார்கள். நம்மைப் போல மலைச்சனங்கள்தான். பாஷை மட்டும் புரியவில்லை, சண்டை போட்டால் புரியும் என்று நினைக்கிறேன். சாப்பாட்டில் காரம் இல்லை. நான் கொண்டுவந்த வெற்றிலைக் கட்டு வழியிலேயே அழுகிவிட்டது, அதுதான் பெரிய கஷ்டம். வாய் நமநம என்கிறது.

நாங்கள் தங்கியிருப்பது கவியாவோடு கம்பெனியில் வேலை செய்கிற ஒரு பையனுடைய வீடு. பேர் லாம். அவன்தான் வழி காட்டுகிறான். ஒல்லி, அதிகம் பேசுவதில்லை.

இன்றைக்கு மலை ஏறினோம். கவியா எனக்கென்று பூட்ஸ் வாங்கியிருந்தாள். "மலைக்காரிக்குப் பூட்ஸாடி?" என்று கையில் தூக்கிக்கொண்டு வெறுங்காலோடு நடந்தேன். நல்லாத்தான் போனேன். இறக்கத்தில் செம்மண் எண்ணெய் மாதிரி வழுக்கியது. உட்கார்ந்த வாக்கில் சறுக்கிக்கொண்டே போய் ஒரு மூங்கில் புதரில்தான் நின்றேன். எங்களோடு வந்த வெள்ளைக்காரி ஒருத்தி கை தட்டினாள், வித்தை என்று நினைத்துவிட்டாள் போல.

அந்தப் பையன் சிரிக்கவில்லை. கையைப் பிடித்து இழுக்கவும் இல்லை. இடுப்பில் இருந்த கொடுவாளை உருவினான். எனக்கு முன்னால் இறங்கி, நான் வைக்கிற ஒவ்வொரு அடிக்கும் மண்ணில் படி வெட்டிக்கொண்டே போனான், அடிவாரம் வரைக்கும். சொல்ல வேண்டும் என்று தோன்றியது, சொன்னேன்.

தேதி கேட்டேனா என்றுதானே துடிக்கிறாய்? ஏறும்போது கேட்டேன். "மேல போயி பேசலாம்மா" என்றாள். மேலே போய்க் கேட்டேன். "கீழ எறங்கிட்டு" என்றாள். கீழே இறங்கிக் கேட்டேன். "காலு வலிக்குதும்மா" என்றாள். எனக்கா தெரியாது, உன் மருமகள் எதையோ வாயில் அடக்கி வைத்திருக்கிறாள். நாளைக்கு விடமாட்டேன்.

இடுப்பு வலியோடு,
உன் அக்கா

*

ஏரிக்கரை
13.11.2025

தம்பி,

இந்தக் கடிதத்தை நின்றுகொண்டு படிக்காதே. உட்கார்ந்துகொள். பக்கத்தில் கலைவாணன் இருந்தால் வண்டியை எடுத்துக்கொண்டு எங்கேயாவது போகச் சொல். படம் அவன் போனுக்குத்தான் வரும், அவன் முதலில் பார்த்திருப்பான், அதுவும் எனக்குத் தெரியும். வேறு வழி இல்லை.

கவியாவும் அந்தப் பையனும் மீன் வாங்கப் படகில் போனார்கள். வீட்டில் நானும் அவன் அம்மாவும்தான். என்னைவிட ஏழெட்டு வயசு மூத்தவளாக இருக்கலாம். பல் கறுத்திருந்தது. பார்த்ததுமே தெரிந்தது, வெற்றிலைக்காரி. அடுப்புப் பக்கம் இருந்து ஒரு தட்டைக் கொண்டுவந்தாள். சிவப்புத் துணி மூடியிருந்தது. துணியை எடுத்தாள். மடித்த வெற்றிலை, பச்சைப் பாக்கு, சுண்ணாம்பு. இரண்டு கையாலும் நீட்டினாள்.

வாய் காய்ந்து கிடந்தவளுக்கு அதைப் பார்த்தால் எப்படி இருக்கும்? இரண்டு கையாலும் வாங்கினேன். பாக்கைப் போட்டுக் கடித்தேன்.

அந்த அம்மாள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். கண்ணில் தண்ணீர் கொட்டுகிறது. வெளியே பார்த்து ஏதோ கூப்பிட்டாள். பக்கத்து வீட்டுப் பொம்பளைகள் ஏணியில் ஏறி வந்துவிட்டார்கள். ஒருத்தி என் தலையைத் தடவுகிறாள். ஒரு வாய் வெற்றிலைக்கு இவ்வளவு கூட்டமா என்று நான் மென்றுகொண்டே உட்கார்ந்திருக்கிறேன்.

கவியா மீனோடு வந்து ஏணி மேல் படியிலேயே நின்றுவிட்டாள்.

"இன்னாம்மா பண்ண நீ?"

"வெத்தலை போட்டேன்டி. இவங்க ஊர்ல தப்பா அது?"

"தட்டோட வாங்கினியா?"

"ஆமா."

"பாக்கு கடிச்சிட்டியா?"

நான் தலையை ஆட்டினேன். அவள் மீன் கூடையைக் கீழே வைத்துவிட்டு என் பக்கத்தில் உட்கார்ந்தாள். இந்த ஊரிலும் பெண் கேட்பது வெற்றிலை பாக்கு வைத்துத்தானாம், தட்டை வாங்கிப் பாக்கைக் கடித்தால் சம்மதமாம். நம் மலையிலும் அப்படித்தான் என்று அவளே இந்த அம்மாளிடம் எப்போதோ சொல்லியிருக்கிறாள். "ஒன்னாண்ட சொல்லத்தாம்மா இங்க கூட்டியாந்தேன். ஊருக்குக் கெளம்பறதுக்கு முன்ன சொல்லலாம்னு இருந்தேன். அவங்க முந்திக்கினாங்க. நான் கேக்கச் சொல்லல" என்று அழுதாள். லாமை இரண்டு வருஷமாக மனசில் வைத்திருக்கிறாளாம். அந்தப் பையன் வாசலில் கை கட்டிக்கொண்டு நிற்கிறான்.

நடந்தது இதுதான். திட்டி எழுது. எழுதாமல் மட்டும் இருக்காதே.

பழனி

*

வெள்ளிமலை
14.11.2025

பழனியம்மாளுக்கு,

அக்கா என்று எழுதக் கை வரவில்லை.

அந்த ஊர் வெற்றிலைக்கு நம் ஊர் சட்டம் செல்லாது. தாய்மாமன் இல்லாமல் வாங்கின தட்டு தட்டே இல்லை. பாஷை தெரியாதவள் நீட்டினாள், பாஷை தெரியாதவள் வாங்கினாள். இதெல்லாம் ஒரு வாக்கா?

வாங்கினதுகூடப் போகட்டும். கடித்ததும்கூடப் போகட்டும். தப்பாகக் கடித்துவிட்டாலும் தட்டுக்கு முன்னாலேயே துப்பிவிட்டால் வாக்கு இல்லை. நம் மலையில் இது தெரியாதவர்கள் உண்டா? வெற்றிலையைத் துப்பத் தெரியாதவளா நீ? ஊர் முழுக்கத் துப்பிச் சிவப்பாக்கி வைத்தவள். ஏன் துப்பவில்லை?

கலைவாணன் படித்துவிட்டு வேலைக்குப் போனான். வேலை முடிந்து வந்து பின்பக்கச் சுவரில் மிச்சம் இருந்த இடத்துக்கும் அதே நீலத்தை அடித்து முடித்தான். எனக்கு அதுதான் தாங்கவில்லை.

தட்டைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வா. இல்லையென்றால் எனக்கு அக்கா இல்லை, உனக்குத் தாய்வீடு இல்லை.

கரியன்

*

ஹனோய்
16.11.2025

என் தம்பி கரியனுக்கு, நீ இல்லை என்றாலும் இருக்கிற அக்கா எழுதுவது.

முதலில் சட்டம் பேசுவோம். போன வருஷம் சின்னராசு கள் குடித்துவிட்டு, தன் மகளைக் கேட்டு எவனோ நீட்டின தட்டை வாங்கிப் பாக்கைக் கடித்தான். விடிந்ததும் "போதையில கடிச்சிட்டேன், செல்லாது" என்று ஊர்க்கூட்டத்தில் அழுதான். அவன் மச்சான், பெண்ணுக்குத் தாய்மாமன், கேரளாவில் மிளகு பறிக்கப் போயிருந்தான். அன்றைக்குக் கல் மேல் உட்கார்ந்து தீர்ப்புச் சொன்ன பெரிய மனுஷன் யார்? "மாமன் இருந்தா இன்னா, இல்லாட்டி இன்னா. கடிச்சா கடிச்சதுதான்" என்று நீதானே மீசையைத் தடவிக்கொண்டு சொன்னாய்? சின்னராசுக்கு ஒரு சட்டம், கரியன் அக்காவுக்கு ஒரு சட்டமா? நான் நல்ல புத்தியோடு கடித்தேன், அவன் அதுகூட இல்லை.

ஏன் துப்பவில்லை என்று கேட்டாய். அதுக்குத்தான் இந்தக் கடிதம்.

அந்தப் பொம்பளைகள் ஏணி ஏறி வந்தபோதே எனக்குப் பாதி புரிந்துவிட்டது. பல்லில் பாக்கு நொறுங்கிக்கொண்டிருந்தது. துப்பலாம் என்று ஓலைத் தடுக்கைத் தாண்டி வெளியே எட்டிப் பார்த்தேன். தட்டும் எதிரிலேயே இருந்தது. அப்போதுதான் கவியா வந்து நின்றாள். நான் இருபத்தாறு வருஷமாகப் பார்த்த முகம் இல்லை அது. கூட்டத்தில் தீர்ப்புக்கு நிற்கிறவள் முகம். நான் துப்பினால் ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசியிருக்கமாட்டாள். மீனைக் கழுவிப்போட்டுவிட்டு, என்னோடு ஏரோப்ளேன் ஏறி வந்து, கலைவாணனுக்குக் கழுத்தை நீட்டியிருப்பாள். காலமெல்லாம் அந்த நீல வீட்டுக்குள்ளே உட்கார்ந்திருப்பாள். அவளைத் தூக்கி யார் வீட்டில் வைப்பது என்று நீயும் நானும் பேசினோம். அவளை ஒரு தடவை கேட்டோமா, கரியா?

கலைவாணனுக்கும் அப்படி ஒருத்தி வேண்டாம். அவனுக்கு, அவன் வண்டிச் சத்தம் கேட்டதும் எழுந்து வருகிற ஒருத்தி வேண்டும்.

அதனால் மென்று முழுங்கினேன். சாறோடு முழுங்கினேன், தொண்டை எரிந்தது. தெரிந்தே செய்தேன். தட்டைத் திருப்பிக் கொடுக்கமாட்டேன். உனக்குக் கொடுத்த வாக்கை மீறினவள் நான், கவியா இல்லை. எனக்கு என்ன அபராதம் போடுகிறாயோ ஊர்க்கூட்டத்திலேயே போடு, நின்று கேட்டுக்கொள்கிறேன். அவளை ஒருத்தரும் ஒரு வார்த்தை சொல்லக்கூடாது.

கல்யாணம் நம் மலையில்தான். கவியாவை வைத்து அந்த அம்மாளிடமும் பையனிடமும் சொல்லிவிட்டேன். தலையை ஆட்டினார்கள். தை மாசம் வருகிறார்கள். கலைவாணன் முகத்தை நேராகப் பார்த்து நானே சொல்லவேண்டும். சனிக்கிழமை வந்து இறங்கியதும் அதுதான் முதல் வேலை.

பந்தக்கால் தாய்மாமன்தான் ஊன்ற வேண்டும். வேறு ஒருத்தனையும் கூப்பிடமாட்டேன். என் வாசலில் குழியை நானே தோண்டி வைப்பேன். நீ வந்து காலை நட்டால் பந்தல். வராவிட்டால் குழி குழியாகவே கிடக்கும், பந்தல் இல்லாமல் வெயிலில் நின்று கல்யாணம் நடக்கும். ஆடு விழுந்து கால் உடைந்தால் அது உன் கணக்கு.

தாய்வீடு இல்லை என்று எழுதினாய். இருக்கட்டும். நான் வந்து வாசலில் உட்காருவேன். எத்தனை நாள் துரத்துகிறாய் பார்க்கிறேன்.

பழனியம்மாள்

*

வெள்ளிமலை
20.11.2025

அக்காவுக்கு,

கூட்டத்தில் நானே எடுத்துச் சொன்னேன். சின்னராசு முதல் ஆளாக எழுந்து, "கடிச்சா கடிச்சதுதான் மாமா" என்றான். இதுக்கென்றே ஒரு வருஷமாகக் காத்துக்கொண்டிருந்திருக்கிறான். எல்லாரும் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை.

நீ செய்தது சரி என்று எழுதமாட்டேன். அப்படி எதிர்பார்க்காதே.

ஏர்போர்ட்டுக்குக் கலைவாணன் வரமாட்டான். அவனைக் கேட்கவும் கேட்காதே. கொஞ்ச நாள் போகட்டும். நீ பஸ் பிடித்து உளுந்தூர்பேட்டையில் இறங்கு, நான் அங்கே நிற்கிறேன்.

குழியை நீ தோண்டாதே. உன் வாசலில் முழங்கால் ஆழத்துக்குக் கீழே பாறை. உன் வீட்டுக்காரருக்கும் எனக்கும்தான் அது தெரியும். மண்வெட்டியைப் போட்டால் உன் மணிக்கட்டுதான் போகும். நேற்று கச்சிராயபாளையம் போய்ப் பட்டறையில் கடப்பாரைக்கு முனை அடித்துக் கொண்டுவந்துவிட்டேன்.

கரியன்