முருங்கைக் கிளையில் ஒரு துளை

இன்று காலை எங்கள் அடுக்குமாடிக்குப் பின்னாலுள்ள மனையில் ஒரு முருங்கை மரத்தை வெட்டினார்கள். பால்கனிக் கதவைத் திறந்ததும் அந்தப் பச்சை வாசனை, கொஞ்சம் காரமும் கொஞ்சம் ஈரமுமாக, உள்ளே வந்தது. காப்பி டம்ளரோடு அப்படியே நின்றுவிட்டேன். வேப்பம்பட்டுக்குக் குடிவந்து நான்கு வருடமாகிறது. உன்னை நினைக்காத நாள்களும் உண்டு, பொய் சொல்ல மாட்டேன். ஆனால் முருங்கை வாசனை வந்தால் நீயும் வந்துவிடுகிறாய்.

ஆவடி குவார்ட்டர்ஸில் நமக்கு ஒரே பிளாக். நீ மாடியில், நான் கீழே. தொழிற்சாலையிலும் ஒரே மெஷின் ஷாப். நீ டிரில்லிங் மெஷினில் நிற்பாய். நீ போட்ட துளைகளை அளந்து பார்ப்பது என் வேலை. நீ அம்பத்தூரிலேயே பிறந்தவன், நான் திருநெல்வேலிக்காரன். உன் பேச்சு எனக்குப் பிடிபட ஆறு மாதம் ஆனது. உன் துளைகளில் ஒரு குறை கண்டுபிடிக்க அதைவிட அதிக நாளானது.

நம் கடைசிப் பங்குனியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை என் ஜன்னலைத் தட்டினாய்.

"மாமே, வெளிய வா. நம்ம செக்‌ஷன் ஆளு ஒருத்தன் வந்துகீறான்."

சைக்கிள் ஷெட்டுக்கு மேலே சாய்ந்திருந்த முருங்கையில் ஒரு கிளை பட்டுப்போயிருந்தது. நீ காட்டிய இடத்தில் முதலில் எனக்குத் தெரிந்தது ஒரு சிட்டுக்குருவி. பிறகுதான் அது கிளையின் அடிப்பக்கத்தில் தலைகீழாகத் தொங்குவதைக் கவனித்தேன். பழுப்பு முதுகில் சாக்பீஸால் இழுத்ததுபோல் வெள்ளைக் கோடுகள். மரங்கொத்தி என்றால் பொன்னிற முதுகும் சிவப்புக் கொண்டையுமாகத் தென்னையில் ஏறுகிற பெரிய பறவையைத்தான் எனக்குத் தெரியும். இதுவும் மரங்கொத்திதான், ஆனால் தலை எலுமிச்சம்பழ அளவுகூட இல்லை. அந்தத் தலையை வைத்துக்கொண்டு மரத்தை அடித்தது. ஒவ்வொரு அடிக்கும் ஒரு சிட்டிகைத் தூள் நம் முகத்தில் விழுந்தது.

"புடிச்சிக்க ஜிக் இல்ல, சூடு தணிக்க கூலன்ட் இல்ல. தலகீயா தொங்கிகினு அடிக்குது பாரு. வட்டம் எப்டி மாமே வருது?"

வட்டம் வந்துகொண்டிருந்தது. நான் அளக்கிறவன், என் கண் சும்மா இருக்காது. இரண்டு விரல் நுழையும் அந்தத் துளையில் கோணல் எங்கே என்று தேடினேன். கண்டுபிடிக்க முடியவில்லை. ஆணும் பெண்ணும் முறை மாற்றிக்கொண்டு செதுக்கின. ஆணின் கண்ணுக்குப் பின்னால் நூல் அளவுக்கு ஒரு சிவப்புக் கீற்று இருந்தது. சாய்ந்த வெயிலில் ஒரு நாள் அதை நீதான் முதலில் பார்த்தாய். புரமோஷன் வந்தவன்போல் வந்து சொன்னாய். பக்கத்திலிருந்த பச்சைக் கிளைகளில் ஒன்றைக்கூட அவை கூட்டுக்காகக் கொத்தவில்லை. அந்தச் சிறிய அலகுக்கு உளுத்த மரம்தான் வேண்டியிருந்தது. நாம் விறகென்று ஒதுக்கியதை அவை தேடி வந்திருந்தன.

குஞ்சு பொரித்த வாரம் மரம் வெட்டும் ஆள்கள் வந்தார்கள். அவர்களின் மேஸ்திரி, தலையில் துண்டு கட்டிய பெரிய உடம்புக்காரர், கையிலிருந்த தாளைக் காட்டினார்.

"அண்ணாத்தே, இந்த கெள கரண்ட் கம்பி மேல வுயும்னு லிஸ்ட்ல கீது. வெட்டிட்டு போயிகினே இருப்போம்."

நீ சண்டை போடுவாய் என்று நினைத்தேன். நீ ஏணியைத்தான் கொண்டுவந்தாய். "ஏறி ஒரு தபா காத வச்சு கேளு நைனா. அப்பால உன் இஷ்டம்."

அவர் சிரித்துக்கொண்டே ஏறினார். கிளையில் காதை வைத்தார். சிரிப்பு மெல்ல நின்றது. நாம் எதிர்பார்த்ததைவிட அதிக நேரம் மேலேயே இருந்தார். இறங்கி வந்தபோது குரல் தாழ்ந்திருந்தது.

"உள்ள யாரோ பேசிகினு கீறாங்க."

கம்பிப் பக்கம் நீண்டிருந்த நுனியை மட்டும் கைரம்பத்தால் பூப்போல் அறுத்தார். மிச்சக் கிளை காற்றில் முறியாமலிருக்கத் தன் நைலான் கயிற்றாலேயே தாய்மரத்தோடு சேர்த்துக் கட்டிவிட்டுப் போனார்.

அதற்கு இரண்டு வாரம் கழித்து உனக்கு நெஞ்சுவலி வந்தது. ஆபரேஷன் என்று நாள் குறித்தார்கள். ஆஸ்பத்திரிக் கட்டிலிலிருந்து நீ கேட்டது ஒன்றுதான்: "குஞ்சு வெளிய வர்றத நீ பாத்து சொல்லு."

ஒரு பறவைக்காக நான் லீவு போட்டது ஆபரேஷனுக்கு முந்தின நாள்தான். காலை ஏழு மணிக்குத் தாய் வாயில் இரையோடு வந்தது. கூட்டுக்குப் போகாமல் எதிர் வேப்பமரத்தில் உட்கார்ந்து மெல்லிய குரலில் அழைத்தது. துளையில் ஒரு தலை தெரிந்தது, உள்ளே போனது. மறுபடி வந்தது, மறுபடி போனது. நான்கு முறை. ஐந்தாவது முறை பாதி உடம்பு வெளியே வந்து, அப்படியே விழுந்தது. நான் எழுந்துவிட்டேன். ஷெட் கூரைக்கு ஒரு சாண் மேலே சிறகு விரிந்தது. நேராகப் போய் வேப்பமரத்தின் தண்டில் ஒட்டிக்கொண்டது; வாலை ஊன்றி, நெட்டுக்குத்தாக, பல வருடம் பழகியதுபோல. அதுவரை அது அறிந்த உலகம் உள்ளங்கை அகல இருட்டு. மூச்சு வாங்கிவிட்டு அது மரப்பட்டையை ஒருமுறை தட்டிப் பார்த்தது. எனக்குக் கைகூப்ப வேண்டும்போல் இருந்தது.

சாயங்காலம் உன்னிடம் சொன்னேன். கண்ணை மூடிக்கொண்டு கேட்டாய். மரத்தைத் தட்டிய இடத்தை மூன்று முறை சொல்லவைத்தாய். பிறகு கேட்டாய்: "குதிக்கறதுக்கு முன்ன பயந்துச்சா?"

நீ பறவையைப் பற்றி மட்டும் கேட்கவில்லை என்று தெரிந்தது. ஆனால் உள்ளதை உள்ளபடி எழுதியே பழகியவன் நான்.

"பயந்துச்சுப்பா. நாலு தடவ தலைய உள்ள இழுத்துக்கிடுச்சு. அஞ்சாவது தடவதான் வந்துச்சு."

கண்ணைத் திறந்தாய். முகம் தெளிந்திருந்தது. "அப்போ சரி மாமே," என்றாய்.

மறுநாள் ஆபரேஷன் தியேட்டருக்குள் போன நீ திரும்பவில்லை.

பயப்படவில்லை என்று சொல்லியிருக்கலாமோ என்று வெகுநாள் உறுத்தியது. சென்ற ஆண்டு என் மனைவிக்கு முட்டி ஆபரேஷன். உள்ளே அழைத்துப் போகும் நேரத்தில் என் கையைப் பிடித்துக்கொண்டு, "பயமா இருக்கு" என்றாள். பயப்படாதே என்றுதான் சொல்ல வாயெடுத்தேன். வந்தது உன் வார்த்தை.

"அப்போ சரி," என்றேன்.

முறைத்தாள். பிறகு என்ன தோன்றியதோ, சிரித்தாள். சிரித்தபடியே என் கையை விட்டாள்.